ஈரோட்டு வெயிலில் ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்

வீட்டில் பாட்டுக் கேட்க நானே ஒரு ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், கட்டினேன். சர்க்யூட் பழசு. 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்டு என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக்ஸ் இதழில் ஜான் லின்ஸ்லி ஹுட் எழுதிய 10 வாட் கிளாஸ் ஏ. சேனலுக்கு, அதாவது இடது வலது ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும், நான்கே டிரான்சிஸ்டர். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி இரண்டுக்கு நான் போட்டது 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர்.

சாதாரண ஆம்பில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். ஒன்று விட்டு மற்றது பிடிக்கிற இடத்தில் சின்னப் பிசிறு தட்டும். சத்தம் குறைத்துக் கேட்கும்போதுதான் அது உறுத்தும். கிளாஸ் ஏ-யில் இரண்டும் எந்நேரமும் ஓடுவதால் அந்தக் கைமாற்றலே கிடையாது. அதற்கு விலை சூடு. 27 வோல்ட், 1.2 ஆம்பியர், அதாவது சேனலுக்கு 32 வாட், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

போர்டு வேலை சுலபம். மெனக்கெட வேண்டியது ஹீட்சிங்கோடுதான், சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் தகடுகள். நம்மூரில் மே மாதம் வெளியே 40 டிகிரி. வாட்டுக்கு அரை டிகிரி ஏறுகிற ஹீட்சிங்க் என்றாலே 16 டிகிரி கூடும். அறைக்குள் 36 இருந்தால் சிங்க் 52. ஃபேன் வைத்தால் அந்த இரைச்சலே பாட்டைக் கெடுக்கும். அதனால் பழைய இரும்புக் கடையில் கனமான ஹீட்சிங்க் இரண்டு தேடி எடுத்தேன், சேனலுக்கு ஒன்று. காற்று மேலே ஏறிப்போகும்படி அதன் தகடுகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும்.

லேத்துப் பட்டறையில் துளை போட்டு வாங்கியதும் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு துளையின் விளிம்புப் பிசிரையும் வழித்துவிட்டேன். 2என்3055-இன் உலோக உடம்பே கலெக்டர், அதாவது கரண்ட் ஓடும் ஒரு முனை, அது சிங்கைத் தொடக்கூடாது. நடுவில் இருக்கும் மைக்கா தாளை ஒரு பிசிர் குத்தினால் போதும், ஷார்ட். சூடு கடத்தும் பேஸ்ட் தடவி முறுக்கியபின் மீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் பீப்பில் வைத்து உடம்புக்கும் சிங்குக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் வராவிட்டால்தான் அடுத்த வேலை.

டிரான்ஸ்பார்மரைக் கிணற்று மோட்டார் கட்டுகிற வைண்டிங் கடையில் சொல்லிக் கட்டினேன்: 24 வோல்ட், 5 ஆம்பியர். “பத்து வாட்டுக்கு எதுக்குங்க தம்பி இவ்வளவு பெரிய கோர்?” என்றார் அண்ணன். விடாமல் இழுத்துக்கொண்டே இருக்குமுங்க என்றதும் ஒரு சுற்றுக் கனமான கம்பியாகவே எடுத்தார்.

இந்த விடாத இழுப்பால் 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டும் சப்ளையில் ஒன்றிரண்டு வோல்ட் அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் அலை நிற்கும். ஸ்பீக்கரில் அது ‘ம்ம்ம்’ என்று கேட்கும். சப்ளையில் ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்து அந்த அலையை வடிகட்டும் கப்பாசிட்டன்ஸ் மல்டிப்ளையர் கட்டினேன், அடங்கியது. கிரவுண்டு ஒயர்கள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் இணைப்பதும் முக்கியம்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். இதில் பல்பு லேசாக எரிந்துகொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். பளீரென்று எரிந்தால் மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள். சரி என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல், இரண்டு டிரான்சிஸ்டரும் சேரும் இடத்தில் 27-இல் பாதியான 13.5 வோல்ட் வரும்படி பிரீசெட்டை, அதாவது திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டரை, திருப்ப வேண்டும். அப்புறம் கரண்டை 1.2 ஆம்பியருக்குக் கொண்டுவர வேண்டும். சிங்க் நன்றாகச் சூடேறும்வரை விட்டு இரண்டையும் மறுபடி பார்த்தேன். சற்று நகர்ந்திருந்தது, சரிசெய்தேன்.

ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கும் என் சின்ன அறைக்கும் 10 வாட் தாராளம். சத்தம் குறைவாக வைத்தாலும் பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது, தம்பூரா பின்னால் தனியாக நிற்கிறது. கோடையில் மட்டும் மத்தியானம் போடுவதில்லை, ராத்திரிதான்.