13 நம்பர் மச்சான்

எங்க மச்சானுக்கு எதிலும் பெரிய நம்பர்தான் வேணும். செருப்புக்கடையில் விட்டால் பத்தாம் நம்பரை எடுப்பார். "ரேட்டு ஒண்ணுதானே மாப்ள!"

அப்பேர்ப்பட்டவர் தன் ஃபைபர் படகின் 40 ஹெச்பி அவுட்போர்டு மோட்டாருக்குப் புரொப்பல்லர், அதாவது தண்ணிக்குள் சுத்திப் படகைத் தள்ளும் இலைச் சக்கரம், வாங்கப் போனார். கடையில் 10, 11, 13 என்று பிட்ச் வரிசையாக இருந்தது. வந்தது 13. பிட்ச் 13 என்றால் ஒரு சுத்துக்குப் படகை 13 அங்குலம் தள்ளும் என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் தேனாய்ப் பாய்ந்துவிட்டது. தண்ணியில் வழுக்கல் போக மிச்சம்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னது மட்டும் பாயவில்லை.

பாம்பன் தெற்குவாடியில் வெள்ளோட்டம். தனி ஆளாகப் போனார், படகு பறந்தது. மறுநாள் வலை, ஐஸ் பெட்டி, நாலு ஆள் சகிதம் கிளம்பினால், மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்கிறது. எதிரே கச்சான் காத்து வேறு.

டீக்கடையில் பஞ்சாயத்து கூடியது. "ஸ்டீல் போடு" என்றார் ஒருத்தர். "கடலடிப் பாறையில இடிச்சா அலுமினிய இலை மடங்கும், அதோட போச்சு. ஸ்டீல் மடங்காது, கியர் போயிரும்" என்று இன்னொருத்தர். இது நியாயமான பேச்சு. மற்றதெல்லாம் டீக்கு வந்த பேச்சு. எல்லாரையும் மிஞ்சி ஒரு பெரியப்பா, "13ங்கிறதே தரித்திர நம்பர், கடல்ல வீசு அதை" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் வந்தார். நிமிஷத்துக்கு எத்தனை சுத்து என்று காட்டும், பிளக் ஒயரில் சுற்றும் குட்டி ஆர்பிஎம் மீட்டர் கையில். "லோடோட ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். வலையோ தைக்கப் போயிருக்கிறது, ஆட்கள் வீட்டில் தூங்குகிறார்கள். மெக்கானிக் மெல்ல டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எல்லாரும் செத்த ஏறுங்க."

யோசனை சொன்ன அத்தனை பேரும் லோடாகப் போனார்கள். பெரியப்பாவை நடுவில் உட்காரவைத்தோம், படகு சாயக்கூடாதே. முழு முறுக்கில் மீட்டர் காட்டியது 4500. இந்த மோட்டார் 5000லேர்ந்து 6000க்குள் சுத்தணும். "லோடு ஏத்துன குட்டியானைய டாப் கியர்லயே பாம்பன் பாலத்துல ஏத்துறீக. இப்பிடியே ஓட்டினா மோட்டார் சூடேறிச் சாகும்" என்றார் மெக்கானிக். பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 சுத்து கூடுமாம். 10 பிட்ச் மாட்டி, அதே லோடு, அதே பெரியப்பா. 5100! படகு மூக்கை இறக்கி நிமிர்ந்து ஓடியது. அதுக்காக 8, 7 என்று இறங்கிக்கொண்டே போகவும் முடியாது, சுத்து எல்லை மீறி மோட்டார் கெட்டுவிடும்.

கரையேறியதும் பெரியப்பா மச்சானைத் தனியாக ஓரங்கட்டினார். அவருக்கும் அதே மோட்டார்தான், ஆனால் சின்ன வள்ளம், தூண்டில் தொழில், ரெண்டே ஆள்.

"அந்தத் தரித்திரத்தை என்ன வெலைக்குடா குடுப்ப?"