முதல் வாசிப்பு ஒரு முறைதான் கிடைக்கும்

கொலையாளி யார் என்று எனக்குத் தெரியும், என் வேலையில் பெரிய சிக்கலே அதுதான். நான் எழுதிக்கொண்டிருக்கும் இருண்ட த்ரில்லர் நாவலை என்னால் ஒரு வாசகனாக ஒருபோதும் படிக்க முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவன் கதவைத் தாழிடாமல் போகிறான் என்றால் எனக்கு அது துப்பு, படிப்பவருக்கு வெறும் மறதி, அல்லது அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். வேறு வகைக் கதை என்றால் பிரதியைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைத்துவிட்டு எடுத்துப் படித்தால் ஓரளவு புதிதாகத் தெரியும். இதில் எத்தனை காலம் வைத்திருந்தாலும் முடிவு மறப்பதில்லை.

அதனால்தான் சக எழுத்தாளர்களிடம் கொடுக்கிறேன். இன்னும் புத்தகம் எதுவும் வெளிவராத, ஆனால் விடாமல் எழுதுகிற சிறு குழு நாங்கள். வரலாற்றுக் கதை எழுதுபவர் உண்டு, குடும்பக் கதை எழுதுபவர் உண்டு, ரத்தமும் இருட்டுமாக எழுதுவது நான்தான். இந்தக் குழுவில் நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம், ஒருவருடைய முதல் வாசிப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும் என்பது. திருப்பம் தெரியாமல் பக்கம் பக்கமாக அவர் போகும் அந்தப் பயணத்தை அரைகுறை வரைவில் செலவழித்துவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாகத் திருத்திக் கொடுத்தாலும் அவர் இரண்டாவது முறை படிப்பவர்தான். அவருடைய கருத்து அப்போதும் உதவும், ஆனால் நான் தேடுவது கருத்து இல்லை, அவர் எங்கே ஏமாந்தார், எங்கே பயந்தார், எங்கே முந்திக்கொண்டார் என்பது.

ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பதில்லை. முதல் வரைவை ஒரே ஒருவர் படிக்கிறார், அடுத்ததை வேறு இருவர். மொத்தமாகக் கொடுக்காமல் சில அத்தியாயங்களாகக் கொடுக்கிறேன், ஒவ்வொரு தவணை முடிந்ததும் அடுத்ததைத் தொடும் முன்பே எழுதித் தரச் சொல்கிறேன். ஏனென்றால் முடிவைப் படித்த பிறகு யாரைக் கேட்டாலும் "எனக்கு முதல்லயே அவன் மேல சந்தேகம் இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை, விடை தெரிந்ததும் நினைவு அப்படித் தன்னை மாற்றி அடுக்கிக்கொள்கிறது.

என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் அன்பான பதில்தான் வரும், அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. இப்போது யார் மேல் சந்தேகம், யார் எதை மறைக்கிறார் என்று தோன்றுகிறது, எந்த இடத்தில் பிரதியை மூடி வைத்தீர்கள், இவ்வளவுதான் கேட்பேன். நான்காம் அத்தியாயத்திலேயே எல்லோரும் சரியான ஆளைப் பிடித்துவிட்டால் துப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசிவரை ஒருவருக்கும் அந்த ஆள் நினைவிலேயே இல்லை என்றால் அதுவும் தோல்விதான், படிப்பவரிடம் நான் நேர்மையாக இல்லை என்று அர்த்தம்.

இந்த நேர்மை பற்றிய பேச்சு பழையது. 1929-ல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவர் காணும் துப்பை வாசகருக்கும் காட்ட வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் உருவானது, செஸ்டர்டன் முதல் தலைவர், அகதா கிறிஸ்டியும் டோரதி சேயர்ஸும் உறுப்பினர்கள். தற்செயலையும் தெய்வச் செயலையும் நம்பி வழக்கை முடிக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் உறுதிமொழி வேறு எடுத்தார்கள். அவ்வளவு பெரிய எழுத்தாளர்களுக்கே இந்த வேலையைப் பேச ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே தெம்பு தருகிறது.

ஆனால் இருண்ட த்ரில்லரில் கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவதும் உண்டு. திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடியில் வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். குண்டு திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி, அது அங்கே இருப்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்தால் அந்தக் காட்சி முழுக்கப் பதற்றம். அப்படிப்பட்ட பகுதிகளுக்குச் சந்தேகக் கேள்வி எதற்கும் பயன்படாது, மூச்சைப் பிடித்துக்கொண்ட இடத்தில் ஒரு கோடு போடுங்கள் என்று மட்டும் சொல்வேன். அப்படிக் கொடுத்த ஒரு கொலைக் காட்சியில் எங்கள் குழுவில் ஒருவர் கொலை நடக்கும் பக்கத்தில் கோடே போடவில்லை. கொலை முடிந்து அவன் அந்த வீட்டுச் சமையலறையில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைக்கிறான், அங்கேதான் கோடு இருந்தது. கொலையைப் பாதியாகக் குறைத்தேன், தட்டு அப்படியே இருக்கிறது.

அப்புறம் மௌன விதி. 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையின் பெயரால் வழங்கும் முறை இது. ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள், எழுதியவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. கடினமான விதிதான். "இவ ஏன் போலீசுக்குப் போன் பண்ணல?" என்று ஒருவர் கேட்கும்போது பதில் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் அந்தப் பதில் நான் எழுதிய பக்கத்தில் இல்லாததால்தானே கேள்வி வருகிறது! புத்தகம் வந்த பிறகு ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் உட்கார்ந்து என்னால் விளக்க முடியாது.

மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் குழுவில் இருப்பது எங்களுக்குப் பெரிய கொடை. உடல் விறைப்பது இறந்த சில மணி நேரத்தில் தாடை போன்ற சிறு தசைகளில் தெரிய ஆரம்பித்து, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, ஒன்றிரண்டு நாளில் தளர்ந்துவிடும், வெயிலும் குளிரும் இந்தக் கணக்கை நிறைய மாற்றும் என்று அவர்தான் விளக்கினார். குளோரோஃபார்ம் நனைத்த துணியை மூக்கில் வைத்ததும் ஆள் சரியும் காட்சியை யார் எழுதினாலும் விட மாட்டார், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பார். ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தங்கிப் படியும் நிறமாற்றம் பல மணி நேரம் கழித்து நிலைத்துவிடும் என்றும், குப்புறக் கிடக்கும் பிணத்தின் முதுகில் அந்த நிறம் இருந்தால் யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னதிலிருந்துதான் என் நாவலின் இரண்டாம் பாதி பிறந்தது.

இருட்டைப் பகிர்வதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. குழந்தைக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை, தற்கொலை, இவற்றில் எது வந்தாலும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். திருப்பம் கெட்டுவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் கெடும்தான், கெடட்டும். ஒருமுறை ஒருவர், "இந்த அத்தியாயம் மட்டும் வேண்டாம், வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கு" என்றார். சரி என்று அதை எடுத்துவிட்டு மீதியைக் கொடுத்தேன், காரணத்தை யாரும் தோண்டவில்லை. வெளியே இருப்பவர்கள் "ஏன் இப்படியெல்லாம் எழுதுற?" என்று கேட்கும்போது எனக்கு மனசு சுருங்கிப் போகும். இங்கே அந்தக் கேள்வியே வராது, பயம் சரியாக வந்திருக்கிறதா என்றுதான் பேச்சு.

இரண்டு பேருக்கு இதுவரை ஒரு பக்கம்கூடக் காட்டவில்லை. கதையைப் பற்றி மற்றவர்கள் பேச ஆரம்பித்தால் அவர்களே எழுந்து வெளியே போய்விடுகிறார்கள், அவ்வளவு கவனமாக எனக்காகத் தெரியாமலே இருக்கிறார்கள். எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். நாவலின் நடுப்பகுதி இன்னும் தொய்வாக இருக்கிறது, அங்கே இரண்டு விசாரணைக் காட்சிகளை ஒன்றாக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் கொடுப்பேன்.