பஸ் டிக்கெட்டை மடித்து வைத்ததும் பறந்தது

நாலு வாரமாகக் குப்புற விழுந்துகொண்டிருந்த, ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிடும் எங்கள் பொம்மை விமானம் நேற்று ஏழு நொடி பறந்துவிட்டது. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி மனை, சாயங்காலம் ஐந்தரை மணி, காற்றே இல்லை. ஆறு பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

1871-இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பறக்கவிட்ட மாதிரிதான் இது. அவர் ப்ரொப்பெல்லரைப் பின்னால் வைத்தார், நாங்கள் முன்னால். அவருடையது 11 நொடியில் சுமார் 40 மீட்டர் போனது. "அப்ப ரைட் பிரதர்ஸ் முதல்ல இல்லையா மாமா?" என்று ஏழாம் வகுப்புக்காரன் மடக்கினான். ஆள் ஏறி, இன்ஜின் வைத்து, தன் இஷ்டத்துக்குத் திருப்பிய விமானம் அவர்களுடையது என்றேன். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் முதலில் பறந்தது 12 நொடி, 36 மீட்டர் சொச்சம். "பொம்மைதான் ஜாஸ்தி தூரம்!" அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை. ரைட் சகோதரர்களின் அப்பா சின்ன வயதில் அவர்களுக்கு வாங்கித் தந்த பறக்கும் பொம்மையும் பெனோ வகைதான் என்பதை இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.

எங்களைப் படுத்தியது வால். எடையெல்லாம் சரி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விரல் வைத்தால் ஆடாமல் நிற்கும். விட்டால் தலைகீழ். வாலின் பின்விளிம்பு துளி மேலே இருக்க வேண்டும். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது காற்று வாலை அழுத்தி மூக்கைத் தூக்கிவிடும். அந்தத் துளி எவ்வளவு? அதற்கடியில் தீக்குச்சி வைத்தால் அலை அலையாக ஏறி, நின்று, பொத்தென்று விழுந்தது. பிளந்து பாதி வைத்தால் மறுபடி குப்புற. கடைசியில் ஆறாம் வகுப்புப் பெண் சட்டைப் பையிலிருந்து ஏற்காடு பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்துச் செருகினாள். மூன்று மடிப்பில் பணிந்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்க முடிந்ததுதான் அதன் சௌகரியம். ஒரு மாதமாக எனக்குத் தோன்றவில்லை!

ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவுங்கள். காய்ந்த ரப்பர் எனக்கு 90 சுற்றிலேயே அறுந்தது. தெர்மாகோலில் சூப்பர் க்ளூ வைத்து ஒரு இறக்கையைக் கரைத்த கதை தனி. ஆன்லைனில் வரவழைத்த பால்சா என்ற லேசான மரப் பலகையோ வாழை மட்டை மாதிரி வளைந்து வந்தது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். அடுத்ததற்கு மூங்கில் சட்டம், டிஷ்யூ பேப்பர், ஒட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்துக்காரன் பசைக்கு எங்கே போக வேண்டும்?

ப்ரொப்பெல்லர் சுழலும் எதிர்விசையில் இடப்பக்கம் சாய்வது இன்னும் தீரவில்லை. இடது இறக்கை நுனியில் பின்விளிம்பைக் கொஞ்சம் கீழே முறுக்கிப் பார்க்கிறேன். அதற்குள் பிள்ளைகள் ஏற்காட்டில் விட வேண்டும் என்று நிற்கிறார்கள். அங்கே காற்றின் அடர்த்தி இங்கேயிருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதே ரப்பர் சீக்கிரம் அவிழ்ந்துவிடும் என்றேன். "அதைத்தான் பாக்கணும்" என்றாள் டிக்கெட்காரி. சரி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வால் அசையாமல் போக நல்ல அட்டைப்பெட்டியாகத் தேட வேண்டும்.