விட்டு வரும்போது லாபம்

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் நொடித்துப்போன ஒரு நூற்பாலை. அதை எடுத்து நிறுத்தத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓணத்துக்கு முந்தைய போனஸ் பேச்சு நடந்தது. நஷ்டத்தில் இருந்தாலும் கொடுத்தே தீர வேண்டிய 8.33 சதவீதம், அதற்கு மேல் ஒரு பைசா முடியாது என்று கணக்கை விரித்து வைத்தேன். பாலக்காட்டுக்காரர்களுக்கு ஓணத்துக்கு முன்னால் வேண்டும். வாளையாறு தாண்டி வருகிறவர்களுக்குத் தீபாவளிக்கு வேண்டும். பாதி இப்போது, பாதி அப்போது என்றேன். சங்கத்துக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்போதுதான் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பகுதியில், வேலை பார்க்கும் வேலந்தாவளத்து அம்மா ஒருவர், நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"இதுக்கு முன்னால நீங்க எடுத்து நிறுத்துன மில்லு இப்ப ஓடுதுங்களா சார்?"

"நான் விட்டு வர்றப்ப லாபத்துல இருந்துச்சும்மா."

"அதைக் கேக்கலீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்து ஆனது.

ஓடவில்லை. 2022இல் மூடிவிட்டார்கள். அந்த வருஷம் மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயைத் தாண்டியது. மில்லின் செலவில் பாதிக்கு மேல் பஞ்சுதான். நூல் விலையை அதே அளவுக்கு ஏற்றலாம் என்றால், ஏற்றிய வரைக்குமே பொறுக்காமல் திருப்பூரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

ஆனால் அந்த மில்லுக்குச் சொந்தமாகக் காற்றாலைகள் இருந்தன. அவற்றை விற்கச் சொன்னது நான். பஞ்சுக்கும் கூலிக்கும் பக்கத்தில் வந்து நிற்கிற செலவு மின்சாரம் என்பது மில் நடத்துகிற எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விற்காமல் என்ன செய்வது? தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். அப்புறம் 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் கட்டவில்லை என்றால் வங்கி பூட்டோடு வந்து நிற்கும். நோட்டீஸ் வந்த பிறகுதான் நான் உள்ளேயே போனேன். விற்றோம், கடன் அடைந்தது, வட்டி போனது, ஏட்டில் லாபம் வந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

காற்றாலைகள் இருந்திருந்தால் அந்த மே மாதத்தைத் தாண்டியிருக்குமா? தாண்டியிருக்கலாம். விற்காமல் இருந்திருந்தால் 2022 வரைக்கும் வந்தே இருக்காது என்பதும் சரிதான். இரண்டையும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். எந்த விடை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறேனோ அந்த விடையே வருகிறது.

"இல்லம்மா, மூடிட்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்குக் கையெழுத்து ஆகியிருக்காது. போனஸ் பேச்சு ஓணத்தைத் தாண்டி இழுத்திருக்கும். அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்லாமல் விட்டேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

அந்தக் கேள்விக்குப் பிறகு கஞ்சிக்கோட்டில் நான் எதையும் மாற்றிச் செய்யவும் இல்லை. நூல் நூற்கும் பழைய ரிங் ஃபிரேம்களை எடைக்குப் போட்டேன். கழிவுப் பஞ்சை உடனுக்குடன் காசாக்கினேன். பஞ்சு வியாபாரிகளிடம் தவணை வாங்கினேன். அதே வைத்தியம்தான்.

எங்கள் தொழிலில் எல்லோரும் லீ ஐகோக்காவைத்தான் உதாரணம் காட்டுவோம். அவர் தலைமையேற்ற அமெரிக்கக் கார் கம்பெனி கிரைஸ்லர் 1979இல் கிட்டத்தட்டத் திவாலாகிக் கிடந்தபோது 150 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசாங்கத்தின் உத்தரவாதத்தை வாங்கினார். 1983இலேயே, கெடுவுக்கு ஏழு வருஷம் முன்னதாக, வாங்கிய கடனை அடைத்தார். பேசுகிற கூட்டங்களில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். கடனை அடைத்த பிறகும் 1992 வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார் என்பதை நாங்கள் யாரும் சொல்வதில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் நல்லதும் நடந்தது, சறுக்கலும் நடந்தது. என்ன நடந்தாலும் பதில் சொல்ல ஆள் அங்கேயே இருந்தார்.

அதற்காக என்னால் இருக்க முடியுமா என்றால், முடியாது. நின்றுபோன மில்லுக்குள் நுழையும்போது வருகிற சுறுசுறுப்பு, ஓடுகிற மில்லில் எனக்கு வருவதில்லை. கஞ்சிக்கோட்டிலும் இன்னும் ரெண்டு வருஷம் இருங்கள் என்று முதலாளி கேட்டார். அடுத்த இடத்தில் பேசி முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.