சாக வேண்டிய புற்றுசெல் ஏன் சாகவில்லை?

கீமோ ஆரம்பித்ததும் கட்டி சுருங்கும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், அப்புறம் சில மாதங்களில் அதே மருந்துக்குக் கட்டி அசைந்தே கொடுக்காது. இதற்குக் காரணங்கள் பல. அதில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் இவை நம்மைக் காப்பாற்றவென்றே செல்லுக்குள் இருப்பவை.

1962இல் ஃபெருச்சோ ரித்தோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி, சூடு ஏறிப்போன பழ ஈ செல்களின் குரோமோசோம்களில் புதிதாகச் சில இடங்கள் உப்பியிருப்பதைப் பார்த்து எழுதினார். அங்கே உறங்கிக் கிடந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. சூடு மட்டுமில்லை, ஆக்சிஜன் குறைந்தாலும் நச்சு வந்தாலும் இதேதான்: செல் இந்தப் புரதங்களை உண்டாக்கி, குலைந்துபோகும் மற்ற புரதங்களுக்கு முட்டுக் கொடுக்கிறது.

புற்றுசெல்லுக்கு நெருக்கடி என்றுமே ஓய்வதில்லை, அதனால் இவை அதில் எப்போதும் ஏராளம். இவற்றில் ஒன்றான எச்எஸ்பி90 (எச்எஸ்பி என்பது வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) இல்லாவிட்டால் ஹெர்2 போன்ற, கட்டியை வளர்க்கும் புரதங்கள் நிலைத்து நிற்காது. எச்எஸ்பி70 செய்வது இன்னும் மோசம். மருந்து தாக்கியதும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும், அது ஏபாஃப்-1 புரதத்தோடு சேர்ந்தால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும். எச்எஸ்பி70 போய் ஏபாஃப்-1ஐப் பிடித்துக்கொள்கிறது, எச்எஸ்பி27 சைட்டோகுரோம் சியையே பிடித்துக்கொள்கிறது. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஆனால் செல் சாகவில்லை.

சரி, எச்எஸ்பி90ஐ முடக்கிவிடலாமே? முயன்றார்கள். அதை முடக்கும் ஜெல்டனமைசின் என்ற பொருள் கல்லீரலைப் பாதித்தது, அதை மாற்றியமைத்து வந்த டானெஸ்பிமைசின் சந்தைக்கே வரவில்லை. நச்சுத்தன்மையைத் தாண்டி இன்னொரு சிக்கல் இருக்கிறது. எச்எஸ்எஃப்1 என்ற புரதத்தை அடக்கி வைத்திருப்பதே எச்எஸ்பி90தான், அதை முடக்கினால் எச்எஸ்எஃப்1 விடுபட்டு எச்எஸ்பி70ஐயும் 27ஐயும் கூட்டிவிடும். சோதனைகளில் நோயாளியின் ரத்த செல்களில் எச்எஸ்பி70 ஏறினால்தான் மருந்து இலக்கைத் தொட்டது என்று கணக்கு, அந்த ஏற்றமே கட்டிக்கும் துணை போகக்கூடியது!

2022இல் ஜப்பான் பிமிடெஸ்பிப் என்ற எச்எஸ்பி90 தடுப்பானை, வேறு மருந்துகளுக்குப் பிறகும் வளரும் ஜிஸ்ட் என்ற செரிமானப் பாதைக் கட்டிகளுக்கு அனுமதித்தது. ஹெர்2 மார்பகப் புற்றில், ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து தோற்ற சிலருக்கு, அதோடு டானெஸ்பிமைசினைச் சேர்த்தபோது கட்டி சுருங்கியும் இருக்கிறது. எச்எஸ்பி90 தடுப்பான்களைத் தனியாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு உதவாது என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தக் கட்டி எந்தப் புரதத்தை நம்பி நிற்கிறது என்று முதலில் பார்த்து, எச்எஸ்எஃப்1ஐயும் சேர்த்து அடக்கும் வழிகளைத்தான் இன்னும் மும்முரமாகத் தேட வேண்டும்.