பெரியவள் கையில் கொடுக்க ஒரு ஜிபிஎஸ்

25 மே 2024, சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. போன ஞாயிறு இங்கே சிங்கப்பூரில், பீஷான் பூங்காவில் எங்களுக்கு முதல் கேஷ் கிடைத்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஜியோகேஷிங் விளையாட்டில் யாரோ ஒளித்து வைத்த டப்பாதான் கேஷ், அது இருக்கும் இடத்தின் எண்களை வைத்து ஜிபிஎஸ் துணையோடு தேட வேண்டும். பெஞ்சுக்கு அடியில் காந்தத்தில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவு டப்பா, உள்ளே சுருட்டி வைத்த தாள், அவ்வளவுதான். அந்தத் தாளில் பெரியவள் தன் பெயரை எழுதினாள் பாருங்கள், பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்று முழுக்கக் கைத்தொலைபேசி என் கையில்தான் இருந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்மா?” என்று இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு தடவை பெரியவளிடம் கொடுத்தேன், சின்னவன் பிடுங்கினான், தரையில் விழ ஒரு விரற்கடைதான் பாக்கி. அப்புறம் மழை தூறியது, தொடுதிரை விரலைக் கேட்கவில்லை.

அதனால் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கையடக்க ஜிபிஎஸ் வாங்குவது என்று அவரும் நானும் முடிவு செய்தோம். 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகக்கூடாது.

இரவு படுக்கப்போகும் முன் இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொன்னேன். ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது அமெரிக்கா. 100 மீட்டர்வரை தப்பு காட்டும். 2000 மே தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். மே 3 அன்றே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் கறுப்பு வாளி ஒன்றில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, இடத்தின் எண்களை வெளியிட்டார். “யாராவது கண்டுபிடிச்சாங்களா?” என்றான் சின்னவன். மூன்று நாளுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றதும்தான் தூங்கினான்.

1 ஜூன், சனி

அண்ணன் தன் பழைய மஞ்சள் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் மேசை இழுப்பறையில் கிடந்தது. “முதல்ல இதை வச்சுப் பழகட்டும், அப்புறம் வாங்கு” என்றார்.

எங்கள் பத்தாவது மாடி நடைபாதையில் வைத்துப் பார்த்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து பாதி வானம்தானே தெரிகிறது, எதிர் புளோக் மீதியை மறைக்கிறது. கீழே திடலுக்குக் கொண்டுபோய்ப் புல்லின் நடுவில் வைத்தோம். நெடுநாள் தூங்கிய கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். அந்தப் பட்டியலை முழுக்க இறக்கிக்கொள்ள மட்டுமே 12.5 நிமிடம் வேண்டும். திரையில் செயற்கைக்கோளுக்கு ஒன்றாகக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து உயர்ந்ததைப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். நான்காவது கோடு நிரம்பியதும் இடம் வந்துவிட்டது.

ஆனால் தேதி? “அம்மா, 16 அக்டோபர் 2004ன்னு போட்டிருக்கு!” கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடியும் 0க்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது, பழைய கருவிக்கு அது புரிவதில்லை. இடத்தைச் சரியாகவே காட்டுகிறது. 1024 வாரத்தைக் கூட்டினால் இன்றைய தேதி வருமா என்று பெரியவள் நாட்காட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

2 ஜூன், ஞாயிறு

மறுபடியும் பீஷான். கேஷ் இருக்கும் இடத்தின் எண்களைப் பெரியவளே ஒவ்வொன்றாகத் தட்டினாள். அம்பு நேரே காலாங் ஆற்றுக்குள் போகச் சொன்னது! இடத்தின் எண்கள் பாகை, நிமிடம் என்று வரும் (இது கடிகார நிமிடம் இல்லை, பாகையின் அறுபதில் ஒரு பங்கு). சரிபார்த்தால், நிமிடத்தின் பின்னத்தில் .815 என்பதற்குப் பதில் .851. இரண்டு எண் இடம் மாறியதில் 66 மீட்டர் தள்ளிப் போய்விட்டோம். கடைசி இலக்கம் ஒன்று கூடினால் ஏறக்குறைய 1.85 மீட்டர். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வடக்கிலும் கிழக்கிலும் அதே கணக்குதான். லண்டனில் கிழக்குப் பக்கம் 1.15 மீட்டர்தான் வரும். அடியெடுத்து வைத்தே காட்ட முடிகிற கணக்கு இது, பெரியவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் இன்றுதான் கற்றேன். இந்தக் கருவிக்குள் திசைகாட்டி இல்லை. நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குத் தெரியும். நின்றால் அம்பு கண்டபடி சுற்றுகிறது. பெரியவர்கள் நாம் நாலடி நடந்து பார்த்துக்கொள்வோம். ஆறு வயதுப் பையன் நின்று நின்றுதான் பார்ப்பான். மூன்று முறை சுற்றியதும், “இது பொய் சொல்லுது” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

5 ஜூன், புதன்

பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டேன். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 10, 2011இல் வந்தது. பழைய சந்தையில் மலிவு, கேஷின் விளக்கமும் குறிப்பும் உள்ளேயே நிற்கும், ஆனால் திசைகாட்டி கிடையாது. அதே வரிசையில் இட்ரெக்ஸ் 22எக்ஸில் வண்ண வரைபடம், 8 ஜிபி நினைவகம் எல்லாம் இருக்கிறது, அதிலும் திசைகாட்டி இல்லை. திசைகாட்டி வேண்டும் என்றால் 32எக்ஸ், அது அமெரிக்க விலையிலேயே 300 டாலர். அப்படியானால் முடியாது என்று மூடி வைக்கப் போனபோதுதான் 2023இல் வந்த இட்ரெக்ஸ் எஸ்இ கண்ணில் பட்டது. வெளிவந்தபோது 150 டாலர். வரைபடம் இல்லை, கறுப்பு வெள்ளைத் திரை, ஆனால் திசைகாட்டி உண்டு! இரண்டு ஏஏ பேட்டரியில் 168 மணி நேரம் என்கிறார்கள். கைபேசியோடு இணைத்தால் கேஷ் விவரம் வயரில்லாமல் இறங்கும்.

வரைபடம் இல்லாதது குறையா என்று அவர் கேட்டார். மலையேறுகிறவர்களுக்குக் குறைதான். எங்களுக்கு வழி பார்க்க என் கைபேசி பையில் இருக்கிறது. பிள்ளை கையில் இருப்பது அம்பும் தூரமும் காட்டினால் போதும். கறுப்பு வெள்ளைத் திரை வெயிலில் இன்னும் பளிச்சென்று தெரியும். பொத்தான் என்பதால் மழையும் வியர்வையும் பொருட்டில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு ஒன்று. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு வகை. இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருக்கக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடிக்கிறார்கள். வாங்கும் முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன், சனி

தோ பாயோ ரயில் நிலையத்தில் ஒருவரைச் சந்தித்துப் பழைய இட்ரெக்ஸ் 10 பார்த்தோம். 60 வெள்ளி. பேட்டரி மூடியைத் திறந்தால் சுருள் கம்பியில் பச்சைப் பூப்பு. யுஎஸ்பி துளையின் ரப்பர் மூடி பாதி கிழிந்து தொங்கியது, அப்புறம் மழைக்கு எப்படித் தாங்கும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

12 ஜூன், புதன்

வாங்கிவிட்டோம். ஒரு வருடம் பயன்படுத்திய எஸ்இ, 145 வெள்ளி. மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டு, அமைப்பில் பேட்டரி வகையையும் மாற்றினேன். மாற்றாவிட்டால் மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும். திசைகாட்டியைச் சரிசெய்யக் கருவியைக் கையில் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். கூடத்தின் நடுவில் பெரியவள் கருவியோடு சுற்ற, சின்னவன் சும்மாவே கூடச் சுற்றினான்.

17 ஜூன், திங்கள், ஹஜ்ஜுப் பெருநாள்

பொது விடுமுறை. சாங்கியில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து படகேறிப் புலாவ் உபின் போனோம். கேஷில் இருக்கும் சாமானை எடுத்தால் பதிலுக்கு வைக்க, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய இரண்டு வளையல் சின்னவன் பையில். எடுப்பதற்கு ஈடாகவோ மேலாகவோ வைக்க வேண்டும் என்று படகிலேயே நாலு தடவை சொன்னான்.

முன்னால் போனது பெரியவள். “இன்னும் 140 மீட்டர், இடது பக்கம்.” நாங்கள் பின்னால். அவள் ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மரங்கள் அடர்ந்த இடத்தில் கருவியின் தப்பு 4 மீட்டரிலிருந்து 11க்கு ஏறியது. வானம் மறைந்தால் எந்தக் கருவியும் அப்படித்தான். 5 மீட்டர் என்று காட்டியதும் கருவியைப் பையில் போடச் சொன்னேன், அதற்கு மேல் கண்தான் தேட வேண்டும். சின்னவனிடம் கேட்டேன்: “நீ ஒளிச்சு வச்சிருந்தா எங்கடா வச்சிருப்ப?” பாதையை விட்டு இறங்காமல், ஒரு வேலிக்கம்பத்தின் அடியில் மூன்று கல் ஒரே மாதிரி அடுக்கியிருப்பதை அவன்தான் காட்டினான்.

மூடியைத் திறந்ததும் ஒரு ரப்பர் டைனோசர். வளையல்களை வைத்தான், அதை எடுத்துக்கொண்டான். பெரியவள் தாளில் தேதி போட்டு, தன் பெயருக்குக் கீழே தம்பி பெயரையும் எழுதினாள். அப்புறம் தாளை வந்தபடியே சுருட்டி, மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்று கற்களையும் அதே வரிசையில் வைத்தாள்.