அப்பாவின் கேசட்டுகளும் அந்த "ம்ம்ம்" இரைச்சலும்

அப்பா பேசிப் பதிந்த 11 கேசட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. அக்கா வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது கடிதத்துக்குப் பதிலாக அவர் பேசி அனுப்பியவை. நாடா எந்த நாளில் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய கேசட் டெக், அதிலிருந்து ஒரு வயர் ஆம்ப்ளிஃபயருக்கு, ஆம்ப்பில் பதிவுக்கான ஒலி வெளிவரும் ரெக் அவுட்டிலிருந்து இன்னொரு வயர் கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் துளைக்கு. அவ்வளவுதான் ஏற்பாடு.

நான்கு கேசட்டுகளை ஏற்றி முடித்த பிறகு, ஐந்தாவதை ஹெட்போனில் கேட்டேன். அப்பா ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்னால் விடும் இடைவெளியில், அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். முதல் நான்கையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன், நான்கிலும் அதே ரீங்காரம். மானிட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது, அதனால்தான் அதுவரை என் காதில் விழவில்லை. பதிவு வேலை செய்பவர்கள் முதல் ஐந்து நிமிடத்தையாவது நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு மேலே போவது நல்லது.

முதலில், ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைத்தான் போட்டேன். இரைச்சல் போனது, கூடவே அப்பாவின் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. காரணம் பிறகு புரிந்தது. இந்த மாதிரி ரீங்காரம் வீட்டு மின்சாரத்திலிருந்து வருவது. மின்சாரம் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, என் வீட்டில் 50. ஆனால் இரைச்சல் 50-இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் ஏறிக்கொள்கிறது. ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸ் வரைக்குள் இருக்கிறது. 100-ஐயும் 150-ஐயும் வெட்டினால் குரலின் உடம்பையே வெட்டியதாகிவிடும். எனவே இரைச்சல் உள்ளே வரும் வழியைத்தான் அடைக்க வேண்டும், வந்த பிறகு கழுவப் பார்ப்பது இந்தப் பதிவுகளுக்குச் சரிப்படாது என்று முடிவு செய்தேன்.

முதல் சோதனை மிக எளிது. கேசட்டை நிறுத்திவிட்டு, டெக் மட்டும் ஓடாமல் ஆனாக இருக்கும்போது பதிந்து பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆக, அது நாடாவில் இல்லை. அடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்தேன். சுத்தமான அமைதி. ஆக, சவுண்ட் கார்டிலும் இல்லை, வயர் வழியாக வெளியிலிருந்து வருகிறது. இங்கே ஒரு தவறு செய்தேன். வயரைக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு ஆம்ப் பக்கத்து முனையை மட்டும் கழற்றிப் பார்த்தேன், இரைச்சல் இரண்டு மடங்கானது. "வயர்தான் கோளாறு" என்று நினைத்து, தடித்த ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) உள்ள நல்ல வயராக வாங்கி மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு முனை எதிலும் செருகாமல் தொங்கினால் எந்த வயரும் ஆன்டெனாபோல் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் இழுக்கும். அதை வைத்து வயரைக் குற்றம் சொல்ல முடியாது. சோதிக்கும்போது வயரைக் கம்ப்யூட்டர் பக்கம் கழற்றுங்கள்.

விண்டோஸ் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்தேன். சிலர் இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகிவிடுவார்கள், அது மில்லிவோல்ட் அளவுள்ள மைக் ஒலிக்கானது, அதோடு ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட் வேறு 20, 30 டெசிபெல் ஏறியிருந்தால் இல்லாத இரைச்சலும் பெரிதாகக் கேட்கும். என் பக்கம் அந்தத் தவறு இல்லை.

அப்புறம் ஆடாசிட்டியின் அனலைஸ் மெனுவில், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வரைந்து காட்டும் பிளாட் ஸ்பெக்ட்ரம் திறந்து, இரைச்சலை மட்டும் பதிந்த பத்து நொடியைக் கொடுத்தேன். சைஸ் என்ற இடத்தில் 65536 வைத்தால்தான் தாழ்ந்த ஒலிகள் தனித்தனியாகத் தெரியும், சின்ன எண்ணில் 50-க்கும் 60-க்கும் வித்தியாசமே தெரியாது. 50-இல் பெரிய கூம்பு, 150-இல் அதைவிடச் சின்னது, 100-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இது பெரிய துப்பு. ஆம்ப்புக்குள் பழைய கெப்பாசிட்டர் வீணாகிப்போனால் வரும் இரைச்சல் பெரும்பாலும் 100-இல்தான் ஓங்கி நிற்கும், ஏனென்றால் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது அலையின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. எனக்கு 50-இல் நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: எர்த் லூப், அல்லது பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்.

எர்த் லூப் என்றால் என்ன என்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இரண்டு கருவிகளுக்கும் எர்த் இருக்கிறது, ஆனால் வெவ்வேறு வழியில் போகிறது. இரண்டு எர்த்துகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும் என்றாலும் நடைமுறையில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். இந்த இரண்டையும் ஆடியோ வயரால் இணைத்தவுடன், அந்த வித்தியாசம் வயரின் ஷீல்டு வழியாக ஓட ஆரம்பிக்கிறது. டெக், ஆம்ப் போன்றவற்றை இணைக்கும் சாதாரண ஆர்சிஏ வயரில் ஷீல்டுதான் ஒலிக்கும் திரும்பும் பாதை, அதனால் அங்கே ஏறிய 50 ஹெர்ட்ஸ் நேராக ஒலியோடு கலந்துவிடும். வீட்டுக் கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஒலியின் அளவு (லைன் அளவு) ஏறக்குறைய 0.3 வோல்ட். ஒரே ஒரு மில்லிவோல்ட் கலந்தாலும் அது ஒலிக்கு 50 டெசிபெல் கீழேதான் நிற்கும், பாட்டில் அமுங்கிப்போகும், ஆனால் ஒருவர் மெதுவாகப் பேசி நிறுத்தும் இடத்தில் நன்றாகக் கேட்கும். ஒலிக்கென்று இரண்டு கம்பிகள் உள்ள பேலன்ஸ்டு வயர் இருக்கும் ஸ்டுடியோ கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு, இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டிலும் பொதுவாக ஏறியதை விட்டுவிடும். பழைய கேசட் டெக்கில் அந்த வசதி கிடையாது.

ஆனால் என் ஆம்ப்புக்கு இரண்டு பின் பிளக். டெக்குக்கும் அப்படியே. எர்த் பின்னே இல்லாத கருவியில் எர்த் லூப் எப்படி வரும் என்று அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட்டேன். இரண்டு நாள் இதிலேயே போனது. டெக்கையும் ஆம்ப்பையும் கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினேன், டியூப் லைட்டை அணைத்தேன், ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். ஒன்றும் நகரவில்லை.

அக்காவின் லேப்டாப்பைக் கொண்டுவந்து பார்த்ததுதான் திருப்பம். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் பதிந்தபோது 50-இல் இருந்த கூம்பு கிட்டத்தட்டத் தரைமட்டம். அவளுடைய மூன்று பின் சார்ஜரைச் செருகியவுடன் திரும்ப வந்தது. கழற்றினால் போனது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம், எர்த் வழியாகத்தான் வருகிறது. அப்படியென்றால் இரண்டாவது எர்த் எங்கே இருக்கிறது? ஆம்ப்பின் பின்பக்கம் செருகியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு வயர் டிவிக்குப் போனது, படத்தின் ஒலி ஆம்ப்பில் கேட்பதற்காக எப்போதோ போட்டது. டிவியின் பின்னால் கேபிள் வயர். அந்தத் தடித்த வயரின் வெளிப்பின்னல் வீட்டுக்கு வெளியே வேறொரு இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. டிவியை அணைத்து வைத்திருந்தாலும் அந்தப் பின்னல் இணைந்தேதான் இருக்கும். கேபிள் வயரைத் திருகிக் கழற்றினேன், அதோடு ரீங்காரம் நின்றது.

எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அணைப்பது போதாது, கழற்ற வேண்டும். ஆம்ப்பில் தேவையானதைத் தவிர மற்ற எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போதும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். இரைச்சல் போகலாம். ஆனால் உள்ளே மின்கம்பி ஒன்று பெட்டியைத் தொட்டுவிட்டால் உயிரைக் காப்பது அந்தப் பின்தான். எந்தக் கோளாறும் இல்லாதபோதுகூட, பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்குக் கசியும், எர்த் இல்லையென்றால் தொடும்போது சுரீர் என்று உறுத்தும். ஒரு பதிவுக்காக இதைச் செய்யவே கூடாது. லூப்பை ஒலி வயரில் வெட்டுங்கள். டிவி ஒலி ஆம்ப்பில் வேண்டும் என்று வீட்டில் சொன்னதால், ஆம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். அதற்குள் இரண்டு சுருள்கள், ஒலி காந்தப்புலமாகத் தாண்டிப்போகும், எர்த் தாண்ட முடியாது. மலிவானவற்றில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் மங்கும், பேச்சுக்கு அது தெரியவில்லை. யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், யூஎஸ்பி வயர் வழியாகவும் கம்ப்யூட்டரின் எர்த் வந்து சேர்ந்துவிடும்.

கொஞ்சம் மிச்சம் இருந்தது. டெக்கை ஆம்ப்பின் தலைமேல் வைத்திருந்தேன். ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை, டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி வைத்தவுடன் அதுவும் போய், நாடாவின் "உஸ்" சத்தம் மட்டும் மிஞ்சியது. முதல் நான்கு கேசட்டுகளையும் மறுபடி ஏற்றினேன்.

ஏழாவது கேசட்டில் திரும்பவும் "ம்ம்ம்". மனசு ஒரு கணம் துணுக்குற்றது. கேசட்டை நிறுத்தினேன், நின்றது. அப்படியானால் இது அப்பா பேசும்போதே நாடாவில் பதிந்த இரைச்சல். ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால் கூம்பு 50-இல் இல்லை, 48.5-இல் இருந்தது. 150-இல் இருக்க வேண்டியது 145.5-இல். அந்தக் காலத்தில் மின்சாரமே 50-இலிருந்து விலகியிருக்கலாம். இல்லையென்றால் அவர் பதிந்த கருவி வேகமாக ஓடியிருக்க வேண்டும், அல்லது என் டெக் மெதுவாக ஓடுகிறது. கருவிகளின் வேகம்தான் காரணம் என்றால், நான் கேட்டுக்கொண்டிருந்த குரல் உண்மையைவிட 3 சதவீதம் தாழ்ந்தது. வேகத்தை 3.1 சதவீதம் கூட்டினேன், கூம்பு 50-இல் வந்து உட்கார்ந்தது. என்ன செய்தேன் என்று சொல்லாமல் இரண்டையும் அக்காவுக்கு அனுப்பினேன். "ரெண்டாவதுதான் அப்பா" என்று ஒரு வரி வந்தது.

மற்ற பத்தும் அதே கருவியில் பதிந்தவைதான், அவற்றுக்கும் அதே 3.1 சதவீதத்தையே வைத்தேன். ஏழாவது கேசட்டின் ரீங்காரத்தை அப்படியே விட்டுவிட்டேன்.